கொல்லைக் குளத்தை மூடப் போகிறவர்களுக்கு

ஈப்போவிலும் சிம்மோர், சுங்கை சிப்புட், பத்து காஜா வட்டாரங்களிலும், கொல்லையில் பழைய நீச்சல் குளத்தோடு வீடு வைத்திருக்கும் அன்பர்களுக்கு,

உங்களில் பலர் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, குளத்தை மூடணும். ஒரு லோரி மண் என்ன விலை?" கட்டட வேலைகளை மேற்பார்த்தே வயதைக் கழித்தவன் என்பதால் கேட்கிறீர்கள். விலையை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். குளத்துக்குக் கீழே என்ன இருக்கிறது, மேலே கொட்டப் போகும் மண் எங்கிருந்து வருகிறது, மூடியதை நாளைக்கு யாரிடம் ஒப்படைக்கப் போகிறீர்கள் என்பதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியும்வரை லோரியைக் கூப்பிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

இந்தக் குளங்கள் எப்படி வந்தன என்பது உங்களுக்கே தெரியும். ஈயமும் ரப்பரும் பணமாகக் கொட்டிய காலத்தில், தைகர் லேன் என்று நாம் இன்னமும் சொல்கிற சுல்தான் அஸ்லான் ஷா சாலைப் பக்கமும் ஈப்போ கார்டன் பக்கமும் தௌக்கேமார், வழக்கறிஞர்கள், டாக்டர்கள் என்று பலர் வீடு கட்டினார்கள். வசதி கூடியவர்கள் கொல்லையில் குளமும் கட்டினார்கள். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கையை விரித்தது. ஈய விலை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பிள்ளைகள் கோலாலம்பூர், சிங்கப்பூர், மெல்பர்ன் என்று கிளம்பினார்கள். பெரியவர்களுக்குக் குளத்தில் இறங்க முட்டி இடம் கொடுக்கவில்லை. பம்பு நின்றது, தண்ணீர் பச்சையாயிற்று.

மூடலாமா வேண்டாமா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. யாரும் குளிக்காத குளம் வீட்டுக்கு ஆகாது. பேரப்பிள்ளைகள் வந்து போகிற வீடென்றால் அதற்கு மேல் காரணமும் வேண்டாம். "திலாப்பியா வளர்க்கலாமே" என்று யோசனை சொல்லும் மைத்துனர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். மீனுக்குத் தினமும் தீனி போட அவரே வருவாரா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அத்தோடு முடியும்.

கொசுவுக்குச் சட்டமே இருக்கிறது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம், முதல் குற்றத்துக்கே 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. நடைமுறையில் சுகாதார அதிகாரி கொம்பாவுன் என்ற அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். பக்கத்து வீட்டுக் குழந்தை டிங்கியில் படுத்தால் அந்தச் சீட்டில் இருக்கும் தொகையா பெரிதாகத் தெரியும்? எனக்குப் பயம், பச்சைத் தண்ணீரோடு விட்டவரைவிட, "இறைச்சாச்சு, இனி கொசு இல்லை" என்று நிம்மதியாக இருப்பவரைப் பார்த்துத்தான். ஏடிஸ் கொசுவுக்கு முழுக் குளம் எதற்கு? காலிக் குளத்தின் ஆழமான மூலையில் சருகுக்கு நடுவே நாலு விரல் மழைத்தண்ணீர் போதும். அதன் முட்டைகள் காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக் கிடந்து அடுத்த மழையில் பொரியும். வேலை தொடங்க இன்னும் நாளாகும் என்றால் தண்ணீரை இருக்கவிடுங்கள். சாக்கடையில் வளரும் லோங்காங் மீன் கொஞ்சம் பிடித்து விடுங்கள், அல்லது அபேட் மருந்து வாங்கித் தூவுங்கள்.

தண்ணீரை இருக்கவிடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு நம் ஊரின் அடிவயிற்றைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

கிழக்கே பெருமலைத் தொடர், மேற்கே கிளேடாங் மலை. இரண்டும் கருங்கல். இடையில் இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கின் தரை சுண்ணாம்புப் பாறை. அதன் மேல் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மண்ணும் மணலும், அவற்றோடு ஈயமும். தைப்பூசத்தில் புந்தோங்கிலிருந்து காவடி புறப்பட்டுக் கல்லுமலை முருகனிடம் போய்ச் சேர்கிறதே, அந்தக் குனோங் செரோ குன்று, தரைக்கு மேலே நம் கண்ணுக்குத் தெரியும் சுண்ணாம்புப் பாறை. 1973 அக்டோபர் 18 அன்று அங்கே பாறை பெயர்ந்து விழுந்து 40 பேர் மாண்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாம் போ தோங்கும் பேராக் தோங்கும் கெக் லோக் தோங்கும் குகைகளில்தான் இருக்கின்றன. மழைத்தண்ணீர் பாறையைச் சிறுகச் சிறுகக் கரைத்துக் குடைந்த குகைகள் அவை. இதே வேலை தரைக்கு மேலே நின்ற பாறையில் மட்டும் நடந்திருக்கும் என்று நினைக்க முடியாது. கிராவல் பம்பு சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் யாராவது உங்கள் தாமானில் இருந்தால் கேளுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை எல்லாம் கழுவி எடுத்த பிறகு அடியில் தெரிவது சமதரை இல்லை என்பார். கூர் கூராக நிமிர்ந்து நிற்கும் பாறை, இடையிடையே ஆள் இறங்கும் அளவுக்குப் பிளவு.

அந்தப் பிளவுகளுக்கு மேலே மண் இருக்கும்வரை நமக்கு ஒன்றும் தெரியாது. எங்கோ ஒரு குழாய் கசிகிறது என்று வையுங்கள். கசிவு மண்ணின் நைசான பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் பிளவுக்குள் இறக்கும். மேல்தரை அப்படியே இருக்க, அடியில் பொந்து வளரும். கூரை தாங்காத நாளில் மொத்தமும் உள்வாங்கும். கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா சாலையில் 2024 ஆகஸ்டு 23 அன்று நடைபாதை திடீரென்று உள்வாங்கியது. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெண் அதில் விழுந்து, ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. தீபாவளிக்குச் சேலை எடுக்க அந்தத் தெருவில் நடக்காத குடும்பம் நம்மில் உண்டா? அந்த இடத்தில் நடந்ததற்கு என்ன காரணம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. அந்த நகரமும் சுண்ணாம்புப் பாறையின் மேல் இருப்பதுதான் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். ஈப்போவில் ஆயிரக்கணக்கான வீடுகள் பல தலைமுறையாகப் பத்திரமாக நிற்கின்றன. உங்கள் வீடும் நிற்கும். ஆனால் உங்கள் கொல்லையில் நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகத் தண்ணீரை நிரப்பி வைத்த ஒரு தொட்டி இருக்கிறது. அது ஒரு நாளும் கசியவில்லை என்று யாரால் சொல்ல முடியும்?

சொல்வதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதற்குத்தான் தண்ணீர் இருக்க வேண்டும். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை எடுத்துக் குளத்தின் படியிலேயே வையுங்கள். வாளிக்குள்ளும் குளத்துச் சுவரிலும் நீர்மட்டத்துக்குக் கோடு போடுங்கள். மழை பெய்யாத நாலைந்து நாள் கழித்துப் பாருங்கள். வெயிலுக்கு ஆவியாவது இரண்டிலும் ஒரே அளவாகத்தான் இருக்கும். குளத்தில் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் போகிறது. அப்படியானால் மண்ணுக்குக் கொடுக்கும் காசுக்கு முன் ஒரு பொறியாளருக்குக் காசு கொடுங்கள். ஜேகேஆர் புரோப் என்று ஒரு எளிய கருவி உண்டு. கூர்முனை இரும்புக் கம்பியைச் சம்மட்டி எடையால் அடித்து இறக்கி, ஒவ்வோர் அடி ஆழத்துக்கும் எத்தனை முறை அடி வாங்குகிறது என்று எண்ணுவார்கள். குளத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் அடித்தால் போதும். கம்பி அடி வாங்காமல் தானாகவே வழுக்கி இறங்கும் இடம் இருந்தால், அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு கூடை மண் போடக் கூடாது.

"குளம் வெட்டுமுன் அங்கே இருந்ததும் மண்தானே, அந்த எடையைத் தாங்கிய நிலம் இப்போது தாங்காதா?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் குளத்தின் கொள்ளளவு 75 கன மீட்டர். தண்ணீராக 75 டன். இறுக்கிய மண்ணாக ஏறக்குறைய 135 டன். அந்த 135 டன் அன்றைக்கும் அங்கே இருந்ததுதான். ஆனால் அன்றைய அடிநிலம் வேறு, ஐம்பது ஆண்டு கசிவை வாங்கிய இன்றைய அடிநிலம் வேறு. கசிவே இல்லாத குளமென்றால் நண்பரின் வாதத்தில் பழுதில்லை.

சரி, இறைப்போம். அதற்கு நாள் பார்ப்பது முக்கியம். நம் பக்கத்தில் அக்டோபரும் நவம்பரும் மழைக்கு உச்சம், ஏப்ரலும் லேசுப்பட்டதில்லை. அந்த மாதங்களில் காலிக் குளத்தை வெறுமனே விட்டால் அது மிதக்கும். சிரிக்காதீர்கள். நான் சொன்ன அளவுக் குளத்தின் கான்கிரீட், 20 சென்டிமீட்டர் கனம் என்று வைத்தால், 45 டன் சொச்சம்தான் இருக்கும். சுற்றியுள்ள நிலத்தடி நீர் குளத்தின் அடித்தளத்துக்கு மேல் ஒரு மீட்டர் ஏறினால் அதைக் கீழிருந்து தூக்கும் விசை 50 டன். உள்ளே தண்ணீர் இருந்தவரை அதன் எடை குளத்தை அமுக்கி வைத்திருந்தது. அது போனதும் ஒரு மூலை எழும்பும், பக்கத்தில் போகும் குழாய்கள் ஒடியும், வீட்டுத் தாழ்வாரம் வெடிக்கும். ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள். இறைத்த கையோடு அடித்தளத்தில் துளை போட ஆளும் இயந்திரமும் தயாராக இருக்கட்டும். குளோரின் வாடை அடிக்கும் தண்ணீரை அப்படியே லோங்காங்கில் திறந்துவிடாதீர்கள். அது கிந்தா ஆற்றில் போய் மீனைக் கொல்லும். மருந்து போடுவதை நிறுத்தி ஒரு வாரம் வெயில் படவிட்டால் வீரியம் போய்விடும். பம்பு அறையில் கட்டிதட்டிப்போன குளோரின் டப்பாவும் பக்கத்திலேயே ஆசிட் போத்தலும் இருக்கும். "எல்லாத்தையும் குழியிலே போட்டு மூடிடலாம் பாஸ்" என்பார்கள். அந்த இரண்டும் கலந்தால் கிளம்பும் வாயு ஆளையே கொல்லும். பம்புக்குப் போகும் மின்கம்பி மண்ணுக்கடியில் ஓடுவதால் உரிமம் பெற்ற வயர்மேனை முதலில் வரச் சொல்லுங்கள்.

இனி மூடும் முறை. கான்கிரீட் முழுவதையும் உடைத்து அள்ளி வெளியேற்றிவிட்டு மண் நிரப்புவது ஒன்று. செலவு அதிகம். பின்னால் அந்த இடத்தில் சமையலறையை நீட்டவோ கார் நிறுத்தக் கொட்டகை போடவோ எண்ணம் இருந்தால் இதைத் தவிர வேறு வழியில்லை. அதுவும் பொறியாளர் கையெழுத்தோடு. நம்மவர்களுக்குச் சமையலறையை நீட்டும் ஆசை இல்லாமல் போகாது, ஆகவே இப்போதே மனைவியிடம் கேட்டுவிடுங்கள். வெறும் தோட்டமாகத்தான் இருக்கும் என்றால் இரண்டாவது முறை போதும்: சுவர்களை மேலிருந்து ஒரு மீட்டர் ஆழத்துக்கு உடைத்து உள்ளே தள்ளி, அடித்தளத்தில் பல இடங்களில் பெரிய பெரிய துளைகள் போட்டு, உடைந்த கல்லை அடியில் பரப்பி, அதன் மேல் வடிகட்டும் துணி விரித்து, மண்ணை இருபது முப்பது சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் கொம்பேக்டரால் இறுக்குவது.

பெரும்பாலான குத்தகையாளர்கள் ஏமாற்றுவது அந்தத் துளைகளில்தான். ஜாக்ஹேமர் வாடகையும் ஆள் கூலியும் மிச்சம், மேலே மண் போட்டபின் யார் பார்க்கப் போகிறார்கள்? துளையில்லாத குளம், மண்ணுக்கடியில் ஒரு பெரிய சட்டி. ஒவ்வொரு சாயங்கால மழையும் அதில் இறங்கித் தங்கும். இரண்டு மழைக்காலத்தில் உங்கள் புல்தரை செருப்பை இழுக்கும் சேறாகிவிடும். வாழை அழுகும். முன்னே திறந்த குளமாக இருந்ததைக் கண்ணால் பார்த்து விலகி நடந்தீர்கள். இப்போது அது புல்லுக்குக் கீழே இருக்கும். ஆகவே அடித்தளத்தை உடைக்கும் அன்று வீட்டில் யாராவது நிற்க வேண்டும். குத்தகையாளர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இங்கே நான் சொல்வதெல்லாம் பள்ளத்தாக்கின் தரையில் இருக்கும் வீடுகளுக்கு. தோட்டப்புறத்து மேட்டு வீடுகளுக்கு அப்படியே பொருந்தாது. இடத்துக்கு இடம் தண்ணீர் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதை நம் பாட்டன்மார் உயிரைக் கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பை வெட்டி வடித்து மலேரியாவைக் குறைத்தார். அதே பாடத்தை மேட்டுத் தோட்டங்களில் நடத்தப் பார்த்தபோது பலிக்கவில்லை. அங்கே நோயைப் பரப்பிய கொசு வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும் இனம். ரப்பர் போடக் காட்டை வெட்டி ஓடைகளுக்கு வெயில் காட்டியதே அதற்கு வாழ்வாகிப் போயிற்று. லயத்தில் நம் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பிறகுதான் ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய்களில் விட்டும், எண்ணெய் தெளித்தும் சமாளிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

துரை பங்களாக்கள் பெரும்பாலும் மேட்டின் உச்சியில் இருக்கும். கீழே செம்மண், அதன் கீழே பாறை, சுற்றிலும் சரிவு. அங்கே அடித்தளத்தில் துளை போட்டால் மழைத்தண்ணீர் நேரே சரிவின் உடம்புக்குள் இறங்கும். 1993 டிசம்பர் 11 அன்று ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சாய்ந்து 48 பேர் மாண்டது ஊறிய சரிவால். மேட்டு வீட்டுக்காரர்கள் பள்ளப்பக்கச் சுவரின் அடியில் குழாய் செருகி, தண்ணீரைக் கல் பதித்த கால்வாய் வழியாகக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குளம் சரிவின் விளிம்பை ஒட்டி இருந்தால் மண் லோரியை அந்த விளிம்பில் நிறுத்தவே விடாதீர்கள்.

அந்தப் பங்களாக் குளங்களைப் பற்றி ஒரு பேச்சு எனக்கு அடிக்கடி காதில் விழுகிறது. "நம்ம ஆளுங்க குழாயடியில வரிசையில நின்ன காலத்துல துரை நீந்தின குளம். அதை மண்ணைப் போட்டு மூடறதே ஒரு சந்தோஷம்தான்." அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் லயத்தில் பிறந்தவன். குளத்தில் நம்மவர் இறங்கியது பாசியைத் தேய்க்கத்தான். தோட்டத் துண்டாடலில் வீதிக்கு வரவிருந்த மக்களுக்காகச் சுங்கை சிப்புட்டின் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னார். அப்படி நிலத்தின் அருமை தெரிந்த சனத்தின் பேரன், பேத்திகளில் சிலர் இன்று அந்தப் பங்களாக்களையே வாங்கியிருக்கிறீர்கள் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கோபத்தோடு மூடுகிறவர் அடுக்கடுக்காக இறுக்கப் பொறுமை காட்டமாட்டார். துரைக்கு இதில் நட்டமில்லை. அவர் எப்போதோ கப்பல் ஏறிப் போய்விட்டார். தரை இறங்கினால் கால் ஒடிவது உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு.

தோட்ட நிலத்துக்கென்று இன்னொரு எச்சரிக்கை. ரப்பர் மரங்களைச் சாய்க்கும்போது வேரையும் தூரையும் எங்கே தள்ளுவது என்று தெரியாமல் அருகில் இருக்கும் குழியில் தள்ளுவது வழக்கம். குளத்தைவிட வசதியான குழி கிடைக்குமா? ரப்பர் மரம் சீக்கிரம் மக்கிப்போகும் சாதி. மக்க மக்க மேலே தரை இறங்கும். போதாததற்கு, நிற்கும் ரப்பர் மரத்தையே உயிரோடு தின்னும் கறையான் இனம் நம் மண்ணில் இருக்கிறது. புதைத்த தூரைத் தின்று முடித்ததும் அடுத்து அது உங்கள் கதவு நிலையைத்தான் தேடி வரும். பழைய கதவு, மெத்தை, அஸ்பெஸ்டாஸ் கூரைத் துண்டு எதுவும் உள்ளே போகக் கூடாது. மண் என்றால் மண் மட்டும்.

எந்த மண்? இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் வேறு ஊர்க்காரருக்கு இல்லாத கவலை இது. 75 கன மீட்டர் குழிக்கு, இறுகும்போது சுருங்குவதையும் சேர்த்தால், பத்துக் கன மீட்டர் லோரியில் ஒன்பது பத்து நடை மண் வேண்டியிருக்கும். அவ்வளவையும் யாராவது "சும்மாவே தர்றேன், லோரி வாடகை மட்டும் கொடுங்க" என்று வந்தால் கையைப் பிசையாமல் கேளுங்கள்: எந்த இடத்து மண்?

ஈயச் சுரங்கக் கழிவிலும் வகை இருக்கிறது. சாதாரணச் சுரங்க மணலில் குறையில்லை; ஈப்போவில் பாதி வீடு அதில் கட்டியதுதான். சுரங்கத்துச் சேற்றுக் களிமண் அப்படியில்லை, எத்தனை இறுக்கினாலும் ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். மூன்றாவது அமாங். ஈயத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கனமான கருமணல். அதில் இருக்கும் மோனசைட்டில் தோரியம் உண்டு, தோரியம் கதிர்வீசும். அந்த மோனசைட்டைப் பதப்படுத்தத்தான் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் வேலை தொடங்கியது. அதன் கழிவைப் பாப்பானில் புதைக்கத் திட்டமிட்டபோது, 1984இல் அந்த ஊர் மக்கள் திரண்டு தடுத்தார்கள். சப்பானியர் காலத்தில் சிபில் கார்த்திகேசு மருத்துவம் பார்த்த அதே சின்னஞ்சிறு பாப்பான்தான். புக்கிட் மேரா மக்கள் ஈப்போ உயர்நீதிமன்றம் வரை போய் 1992இல் வென்றார்கள்; அடுத்த ஆண்டு உச்சநீதிமன்றம் அதை மாற்றியது; 1994இல் ஆலை மூடப்பட்டது. கழிவு கடைசியில் கிளேடாங் மலைப் பக்கம் புதைக்கப்பட்டது.

அந்த ஆலைக் கழிவு உங்கள் கொல்லைக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. ஒரு கிராமமே தெருவுக்கு வந்து "எங்கள் மண்ணில் என்ன புதைக்கிறீர்கள்?" என்று கேட்ட மாவட்டத்தில் இருந்துகொண்டு, நம் கொல்லையில் நாமே பணம் கொடுத்துப் புதைப்பது என்னவென்று கேட்காமல் இருப்பது நன்றாயில்லை என்கிறேன். அமாங் ஆலைகள் இன்றும் 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. அங்கிருந்து வரும் மணல் என்று தெரிந்தால் ஒரு லோரிகூட உள்ளே விடாதீர்கள். மலையடிவாரச் செம்மண், வெட்டியெடுத்த இடத்தின் பெயரோடும் ரசீதோடும் கிடைக்கும். கொஞ்சம் விலை கூடத்தான் இருக்கும்.

அனுமதி பற்றிக் கேட்பீர்கள். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 70ஏ பிரிவு, மண் வேலை தொடங்குமுன் வரைபடம் கொடுத்து ஒப்புதல் பெறச் சொல்கிறது. உங்கள் வேலைக்கு எந்தெந்தத் தாள் வேண்டும் என்பதை ஈப்போக்காரர்கள் மாநகர் மன்றத்திலும் மற்றவர்கள் உங்கள் ஊராட்சி மன்றத்திலும் நேரில் போய்க் கேளுங்கள். போகும்போதே பழைய வீட்டு வரைபடம் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். செப்டிக் டாங்க் எங்கே இருக்கிறது என்று அதில் தெரியும். பழைய பங்களாக்களில் அது லோரி திரும்பும் இடத்தில்தான் இருக்கும்.

பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இன்னொரு தயக்கமும் வரும். நீர்நிலையை மூடுவது பாவம் என்பார்கள். குளித்துக் கரையேற மட்டும் கட்டிய தொட்டி, ஊர்க்குளம் ஆகாது என்பது என் கருத்து. ஐயரைக் கூப்பிட்டு ஒரு பூசை போட்டால் அம்மாவுக்கு மனம் ஆறும் என்றால் போட்டுக்கொள்ளுங்கள், செலவு பெரிதில்லை. கிணறு மூடும்போது மூச்சு போக ஒரு குழாய் விடும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? அதை இங்கேயும் செய்யச் சொல்வேன், சாத்திரத்துக்காக அல்ல. சுற்றிலும் ஓட்டை போட்ட நாலங்குல பிவிசி குழாயைக் குளத்தின் ஆழமான முனையில் அடித்தளம் வரை நிறுத்தி, அதைச் சுற்றி மண் நிரப்புங்கள். மேல்வாயைக் கொசு வலையால் கட்டி மூடி போடுங்கள். பெருமழைக்கு மறுநாள் ஒரு கம்பை உள்ளே விட்டால் அடியில் தண்ணீர் நிற்கிறதா வடிந்ததா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். குத்தகையாளருக்குக் கடைசித் தவணையை அந்தக் கம்பைப் பார்த்தபின் கொடுக்கலாம்.

வேலை நடக்கும்போது கைப்பேசியில் படம் எடுங்கள். உடைத்த அடித்தளம், ஒவ்வோர் அடுக்கு, மண் ரசீது எல்லாவற்றையும். வேலியிலிருந்தும் வீட்டுச் சுவரிலிருந்தும் குளத்தின் நாலு மூலைக்கும் எத்தனை அடி என்று அளந்து ஒரு தாளில் வரைந்து, வீட்டுப் பத்திரம் (கெரான்) இருக்கும் உறையிலேயே போட்டு வையுங்கள். நம் நாட்டில் பழைய வீட்டை வாங்குகிறவர் தானே விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நடைமுறை. விற்பவர் வாயைத் திறக்காவிட்டாலும் சட்டம் பெரிதாகக் கேட்காது. கிந்தா பள்ளத்தாக்கில் எத்தனை ஈயக் குட்டைகள் தூர்க்கப்பட்டு வீடாயின, அவற்றில் எத்தனை வீட்டுக்காரருக்குத் தன் படுக்கையறை எதன் மேல் இருக்கிறது என்று தெரியும்? சுவர் வெடித்த பிறகு பக்கத்து வீட்டுக் கிழவரிடம் போய், "இங்கே முன்னே என்ன இருந்தது தாத்தா?" என்று கேட்கும் நிலைக்கு உங்கள் வீட்டை வாங்கப் போகும் இளம் தம்பதியைத் தள்ளாதீர்கள். விலையில் கொஞ்சம் குறைந்தாலும் குறையட்டும்.

ஏற்கெனவே மூடிவிட்டவர்களும் இதைப் படிப்பீர்கள். துளை போட்டார்களா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. குத்தகையாளரும் இப்போது தொலைபேசியை எடுக்கமாட்டார். கடைத்தெருவில் வேலிக்கால் துளையிடும் கைத்திருகி வாடகைக்குக் கிடைக்கும். நவம்பரில் நாலு நாள் தொடர்ந்து பெய்து ஓய்ந்தபின், குளத்தின் ஆழமான முனை இருந்த இடத்தில் ஒன்றரை மீட்டருக்குத் திருகி இறக்குங்கள். மறுநாள் காலையில் துளை காய்ந்திருந்தால் மண்ணைப் போட்டு மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். மூன்று நாள் கழித்தும் பாதிக் குழி தண்ணீராக இருந்தால், ஒரு சிறிய மண்வாரியைக் கூப்பிட்டு அந்த மூலையை மட்டும் தோண்டி அடித்தளத்தை உடைக்கச் சொல்லுங்கள். முழுக் குளத்தையும் திரும்பத் தோண்ட வேண்டியதில்லை. மழை இல்லாத நாட்களில் துளையில் திடீரென்று தண்ணீர் காணாமல் போவதும், பக்கத்தில் புதிதாகத் தரை வெடிப்பதும், வேலிக்கால் சாய்வதும் தெரிந்தால் மட்டும் நீங்களாகத் தோண்டாதீர்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் கயிறு கட்டிவிட்டு, பொறியாளரை அழையுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்